யாரும் இல்லாத பக்கம்

பெயின்டர் ஒவ்வொரு கதவிலும் 'குடோன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நம்பரும் போட்டுக்கொண்டு வந்தான். சரசாவின் வாசலில் கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் காலை அகட்டி நின்று எழுதினான்.

"அதான் கோலத்தையே அழிக்கச் சொல்லிட்டாரே ஒங்க மொதலாளி, மெரிச்சிக்கினே எழுது" என்றாள் பக்கத்து வீட்டு சுலோசனா. "இன்னிலேர்ந்து நான் குடோன் நம்பர் ரெண்டு. சரசாக்கா நம்பர் மூணு. எனக்கு மூத்தவ, எனக்கு அப்பால பூட்டா பாரு."

சரசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரமான எழுத்தின் மேல் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் கிடந்த அவள் புருஷன் மோகன்தான் குரல் கொடுத்தான்.

"நான் இன்னா சரக்குன்னு எழுதலயா தம்பி? ஒடஞ்ச சரக்குன்னு போட்டுக்கோ."

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி, ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மதில் முடிகிற இடத்துக்கும் அப்பால் இருந்தது அந்த லைன் வீடு. அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பனை உயரத்துக்கு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். அது அரசாங்கத்து ஏரி இல்லை. முதலாளி தமிழ்வாணனின் அப்பா, வயலுக்குப் பாய்ச்சுவதற்காகச் சொந்த நிலத்தில் ஓடையை மறித்து மண்ணைக் கொட்டி எழுப்பிய அணை. வயல்கள் என்றோ போய்விட்டன. கிழக்கே தண்ணீரின் எதிர்க்கரை மேட்டில் அடுக்குமாடிகள் எழும்பின. மேற்கே, கரைக்குக் கீழே தாழ்வில், தமிழ்வாணன் தன் லாரி ஆட்களுக்கு இந்த வீடுகளைக் கட்டிவிட்டார். தேங்கிய தண்ணீரை டேங்கரில் ஏற்றி விற்பதுதான் அவர் தொழில். மழைக்காலத்தில் மிஞ்சுகிற தண்ணீர் தானாக வழிந்து போவதற்கு அவர் அப்பா ஒரு கலங்கல் விட்டிருந்தார். மகன் அதில் மணல் மூட்டைகளை அடுக்கி அடைத்துவிட்டார். வழிந்து போகிற ஒவ்வொரு சொட்டும் அவர் கண்ணுக்குத் தன் லாரியிலிருந்து ஒழுகுவதாகத்தான் தெரியும்.

அந்த வாரம்தான் அவர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசினார்.

"அணைக்கு மார்க்கு போட ஆபீசருங்க வராங்க. கர கெட்டியா கீதான்னு போடற மார்க்கு வேற. ஒடஞ்சா எத்தினி உசுரு போவும்னு போடற மார்க்கு வேற. கீழ ஒரே ஒரு குடும்பம் இருந்தாலும் ஆபத்து அதிகம்னு மேல் கிளாஸ்ல தூக்கிப் போட்டுருவாங்க. அப்பால கலங்கலத் தொற, சங்கு வை, வருசா வருசம் செக் பண்ணுன்னு என் உயிர எடுப்பாங்க. அதுக்கு நான் ஊட்ட எல்லாம் இட்ச்சித் தள்ளிட்டு நிம்மதியா கெடப்பேன். கீழ யாருமே இல்லன்னு வெச்சிக்கோ, எனக்கும் ஒரு தொல்லை இல்ல. நீங்களும் பாட்டுக்கு இருக்கலாம்."

"யாருமே இல்லன்னா நாங்க இருக்கலாம். இருக்கோம்னா காலி பண்ணணும். அப்பிடித்தான மொதலாளி?" என்று கேட்டாள் சுலோசனா.

"அப்பிடித்தான். நீ புத்திசாலி."

மற்றவர்களுக்கு இது ஒரு நாள் கூத்து. சரசாவுக்கு அப்படி இல்லை. டேங்கரின் மேல் ஏறி மூடியைத் திறக்கும்போது வழுக்கி விழுந்ததிலிருந்து மோகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கட்டிலுக்கு நேர் மேலே கூரைக் குழாயில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பிடித்து எழுந்து உட்காருவான், திரும்பிப் படுப்பான். லாரி ஸ்டியரிங் பிடித்த கைகள், இன்னும் வலு குறையவில்லை. அவன் விழுந்த பிறகும் தமிழ்வாணன் அவர்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை. அந்த ஒரு நல்லதை அவர் செய்திருந்தார். அதை அவ்வப்போது நினைவுபடுத்தவும் செய்தார்.

வேறு இடம் தேடாமலும் இல்லை. பட்டாபிராமில் இருந்து வேப்பம்பட்டு வரை, வேலை முடிந்த சாயங்காலங்களில் ஏறி இறங்கிப் பார்த்தவள்தான். கீழ்த்தளம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த இடத்திலும் ஒரு வீட்டுக்கார அம்மா தண்ணீரெல்லாம் கொடுத்து உட்காரவைத்து, அன்பாகவே சொன்னாள்: "படுக்கையில கெடக்கறவரா? தப்பா எடுத்துக்காதம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் அந்த ஊட்டுக்கு யாரு குடி வருவா?" அதற்குப் பிறகு சரசா எங்கும் போய்க் கேட்கவில்லை. இந்த வீடு போனால் மோகனைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க அவளுக்கு வேறு கூரை இல்லை.

ஆபீசர் வருகிற நாளன்று விடிந்ததுமே லைன் வீடு ஓய்ந்துபோனது. கொடிக்கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். குடங்கள், தொடப்பம், பிள்ளைகளின் செருப்பு, எல்லாம் உள்ளே போயின. கூரையில் இருந்த டிவி குடைகளைக் கழற்றினார்கள். சுலோசனா கோழிகளைக் கூடையில் கவிழ்த்து எடுத்துக்கொண்டு திருநின்றவூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயில் ஏறினாள். சரசா கடைசியாக வாசல் கோலத்தின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காலாலேயே தேய்த்தாள். தேய்த்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்ததால் மேலே மண்ணை வாரிப் போட்டாள்.

மோகனைத் தூக்கிப் போக முடியாது. ஆள் வைத்துத் தூக்கினால் அதைவிடப் பெரிய வேடிக்கை ஆகிவிடும். உள்ளே விட்டு வெளியே பூட்டுவது என்று முடிவானது.

"யாரு தட்டினாலும் பேசாத. போலீசே வந்து தட்டினாலும் பேசாத. என் கொரலு கேட்டா மட்டும் வாயத் தொற" என்றாள்.

"தும்மல் வந்தா?"

"முழுங்கு."

"தும்மல எப்பிடிடி முழுங்குவாங்க?"

"வெளாட்டு இல்லய்யா. நெனச்சிக்க, இந்த ஊடு பூட்டுன்னா நாம நடுத்தெரு."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினான்.

வந்தது ஒரு பெண். வித்யா என்று பெயர். கூட வந்த டிரைவர் அப்படித்தான் யாரிடமோ போனில் சொன்னான். சின்ன வயது. சேற்றுக்கு ஏற்ற பூட்ஸ் போட்டுக்கொண்டு, கரையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து பார்த்தாள். இறங்கி வந்து கரையின் அடியில் குனிந்து பார்த்தாள். அங்கே எப்போதும் ஒரு கசிவு உண்டு. லைன் வீட்டுப் பெண்கள் அதில்தான் பாத்திரம் கழுவுவார்கள். பொன்னாங்கண்ணி தானாக மண்டிக் கிடக்கும். மோகனை விட்டுத் தள்ளிப் போக மனம் வராத சரசா, கீரை கிள்ளுகிறவளைப் போல அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் பரவாயில்ல சார்" என்றாள் வித்யா, தமிழ்வாணனிடம். "கலங்கி வந்துச்சுன்னா கரைக்குள்ள மண்ணு அரிச்சிட்டு வருதுன்னு அர்த்தம். விட்டுடக் கூடாது."

"கண்ணாடி மாரி கீது பாருங்க மேடம். குடிக்கலாம்."

"கலங்கல அடைச்சு வெச்சிருக்கீங்களே?"

"கோடைக்கு வெச்சது. எடுத்துருவேன்."

அவள் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். குடோன் மூன்றுக்கு முன்னால் வந்தபோது உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. சிமென்ட் தரையில் அது உருண்டு உருண்டு சுவரில் முட்டி நின்றது. சரசாவின் விரல்கள் கீரைக்குள் நின்றுபோயின.

"பெருச்சாளி" என்றார் தமிழ்வாணன். "மூட்டையெல்லாம் கட்ச்சி நாசம் பண்ணுது மேடம்."

வித்யா கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி நேராக சரசாவிடம் வந்தாள்.

"அம்மா, இங்க யாராவது குடியிருக்காங்களா?"

"இல்லீங்க."

"ராத்திரி வந்து தங்கறவங்க?"

"யாரும் இல்லீங்க. வெறும் குடோனு. நான் பேட்டைலேர்ந்து கீர கிள்ள வந்தேன்."

வித்யா தலையசைத்தாள். "இல்லாத வரைக்கும் நல்லது. ஒருத்தர் இருந்தாக்கூட அந்த மணல் மூட்டைய இன்னிக்கே, நான் நிக்கும்போதே எடுக்க வெச்சிருப்பேன்."

அவள் அதைத் தமிழ்வாணனுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். ஆனால் கேட்டது சரசாவுக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருக்காரும்மா, என் ஊட்டுக்காரரு உள்ள படுத்துக்கினு கீறாரு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மூட்டைகள் போகும். அதற்கு அடுத்த நாள் வீடு போகும். அவள் நிமிர்ந்து பார்த்தபோது தமிழ்வாணன் கூலிங்கிளாஸைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரசா குனிந்தாள். கையில் இருந்த கீரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு கதவைத் திறந்தாள். மோகன் வேர்த்து ஊறிப்போய், துண்டைப் பல்லால் கவ்விக்கொண்டு கிடந்தான். துண்டை எடுத்துவிட்டுக் கிசுகிசுப்பாகக் கேட்டான்.

"அவங்க போயிட்டாங்களா?"

"பூட்டாங்க."

"பெருச்சாளின்னாரே, எனக்கு சிரிப்பு அட்ச்சிக்கினு வந்துட்ச்சிடி. அதான் துண்டக் கட்ச்சிக்கினேன்."

அன்றைக்கு இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அணைக்கு ஆபத்து குறைவு என்ற கடைசி கிளாஸ் கிடைத்துவிட்டதாகத் தமிழ்வாணனே வந்து சொன்னார். ஆனால் திடீரென்று மறுபடி வந்து பார்ப்பார்கள், ஆகையால் பகலில் எல்லாக் கதவிலும் பூட்டு தொங்கட்டும் என்றார். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. லைன் வீட்டுப் பிள்ளைகள் ஜீப் சத்தம் கேட்டாலே ஓடி ஒளிந்தார்கள். போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொசு மருந்து அடிக்கிறவர் பேட்டையோடு திரும்பினார். வாக்காளர் பட்டியலோடு வந்தவர் கதவுக்குக் கதவு தட்டிப் பார்த்தாராம். மோகன்தான் சாயங்காலம் சொன்னான், ஏதோ பரீட்சையில் தேறியவனைப் போல.

"என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. மூச்சு வுடல நானு."

சரசாவுக்கு அன்றைக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனாள்.

கார்த்திகை பிறந்து பிடித்த மழை விடவே இல்லை. புயல் கரையைக் கடக்காமல் கடலில் நின்றுகொண்டு மிரட்டுகிறது என்றார்கள். ஆவடியில் ரயில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர். ஒருநாள் காலையில் பாத்திரம் கழுவப் போன சுலோசனா, கழுவாமலேயே திரும்பி வந்தாள்.

"சரசாக்கா, கசிவுத் தண்ணி டீ மாரி வருது."

சரசா போய்ப் பார்த்தாள். கண்ணாடி போல இருந்த தண்ணீர் செம்மண் குழம்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த எஞ்சினியர் சொன்ன வார்த்தை அப்படியே காதில் விழுந்தது. தமிழ்வாணனுக்குப் போன் போட்டாள். மழைன்னா கலங்கத்தான் செய்யும், கரை பாறை மாதிரி நிக்குது, பீதியக் கெளப்பாத என்று வைத்துவிட்டார்.

சுலோசனா வீட்டார் மூட்டை கட்டிக்கொண்டு பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். மற்றவர்களும் போனார்கள். சுலோசனாவின் புருஷன் அமல்ராஜ் மோகனைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன் என்றான். முட்டியளவு தண்ணீரில் அவ்வளவு தூரம் முடியாது என்று மோகன்தான் மறுத்துவிட்டான்.

"பாதி வழில நீ வுழுந்தா ரெண்டு பேரும் காலி மச்சான். நீ பொண்டாட்டி புள்ளைங்களப் பாரு."

சரசாவுக்கு ஒரு யோசனை இருந்தது. அவள் வீடு பெருக்கித் துடைக்கப் போகிற அடுக்குமாடியில், லிஃப்ட் பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி மடக்கி வைத்திருப்பார்கள். கரையின் மேல் வழியாகப் போனால் தூரம் அதிகமில்லை. அதைக் கேட்டு வாங்கி வந்தால் கரை மேலேயே தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

"தோ வந்துர்றேன்யா" என்று வெளியே வந்தாள். கை தானாகவே பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது.

அடுக்குமாடியில் எல்லாரும் பதறிக்கொண்டிருந்தார்கள். அணைத் தண்ணீர் பின்பக்கமாக ஏறிக் கார் நிறுத்துகிற அடித்தளத்துக்குள் வந்துவிட்டது. வழிந்து போக வேண்டிய கலங்கல்தான் அடைத்துக் கிடக்கிறதே.

"வந்துட்டியா, முதல்ல வாளிய எடு" என்றார் மேனேஜர்.

"சார், அந்த வீல்சேரு கொஞ்ச நேரம் வோணும் சார். எங்க ஊட்டுக்காரரு..."

"செகரட்டரியக் கேக்காம நான் எப்படித் தர்றது? மீட்டிங்ல இருக்கார், வருவார். அதுவரைக்கும் தண்ணிய அள்ளு."

அள்ளினாள். அள்ள அள்ள வந்தது. செகரட்டரி வரவில்லை. மூன்றாவது மாடி பால்கனியில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கீழே யாருக்கோ கத்தினாள்.

"ஜேசிபி வந்துடுச்சுப்பா! அடைச்ச மூட்டைய எடுக்க முடியலையாம், அந்தப் பக்கம் கரைய வெட்டி விடறாங்க. இனிமே தண்ணி இறங்கிடும்!"

"அந்தப் பக்கம் வீடு இல்லையா?"

"யாரும் இல்லையாம். ரெக்கார்ட்லயே இருக்காம். வெறும் குடோன்தானாம்."

சரசா வாளியைக் கீழே போட்டாள். லிஃப்ட் பக்கம் ஓடினாள். சக்கர நாற்காலியை விரித்தாள். மேனேஜர் "ஏய், ஏய்" என்று கத்துவது பின்னால் தேய்ந்துகொண்டே போனது. கரையின் மேல் சேற்றில் சக்கரம் சிக்கிச் சிக்கி நின்றது. தூக்கிக்கொண்டு ஓடினாள். விழுந்து எழுந்து ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வெட்டி முடித்திருந்தார்கள். கரையின் நடுவில் ஒரு வாய் திறந்திருந்தது. அதன் வழியாகச் செந்நிறத் தண்ணீர் கட்டியாக விழுந்துகொண்டிருந்தது. அதை இனி எந்த இயந்திரத்தாலும் மூட முடியாது. கீழே லைன் வீட்டுக் கதவுகளில் குடோன் என்ற எழுத்து வரைக்கும் தண்ணீர். குடையைக் கூட விரிக்காமல் நனைந்துகொண்டு நின்றிருந்தாள் வித்யா.

"ஆளு கீது! உள்ள ஆளு கீது!"

வித்யா திரும்பினாள். அவள் முகம் முதலில் குழம்பியது, பிறகு வெளிறியது. "நீங்க... கீரை கிள்ள வந்தவங்கதானே? யாரும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"என் ஊட்டுக்காரரு. நடக்க முடியாதவரு. மூணாம் நம்பரு."

பக்கத்தில் நின்ற தீயணைப்புக்காரர் ஜேம்ஸ் முன்னால் வந்தார். "வெட்டறதுக்கு முன்னாடி நானே எறங்கிப் போய் ஒவ்வொரு கதவாத் தட்டினேனேம்மா. எல்லாம் பூட்டு. 'தண்ணி தொறக்கப் போறோம், யாராவது இருந்தா சத்தம் குடுங்க'ன்னு தொண்ட கிழியக் கத்தினேன். மூணாம் நம்பர்லயும் தட்டினேன். ஒரு சத்தம் இல்ல."

"குடுக்க மாட்டாரு."

"காது கேக்காதா?"

"கேக்கும்" என்றாள் சரசா.

ஜேம்ஸ் கயிற்றை ஜேசிபியில் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டார். சரசா சாவியை நீட்டினாள். பிறகு நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, "நான் கூப்புடாம பேச மாட்டாரு" என்று சொல்லி அவரோடு இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டாள்.

வெட்டிய வாய் லைன் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி இருந்ததால் வெள்ளம் நேராக மோதவில்லை. சுற்றி வந்து ஏறிக்கொண்டிருந்தது. மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்ந்தார்கள். சுலோசனாவின் பிளாஸ்டிக் குடம் ஒன்று மிதந்து வந்து சரசாவின் தோளில் முட்டிவிட்டுப் போனது. பூட்டு தண்ணீருக்கு அடியில் இருந்தது. தடவித் தடவிச் சாவியைச் செருகினாள். திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே கட்டிலோ எதுவோ மிதந்து வந்து அடைத்திருந்தது.

ஜேம்ஸ் கதவைக் கை முஷ்டியால் இடித்தார். "அண்ணாத்தே! உள்ள கீறியா? ஃபயர் சர்வீஸு! கொரல் குடு நைனா!"

உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுபடி இடித்தார். மறுபடியும் எதுவுமில்லை. அவர் சரசாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

கதவுக்கு மேலே ஒரு சின்ன காற்றுத் துவாரம் உண்டு. சுவரில் காலை ஊன்றி எம்பி, அதில் வாயை வைத்தாள்.

"யோவ்... நான்தான்யா. சரசா."

மழை கூரைத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் துவாரத்தில் வைத்தாள். உள்ளே இருட்டில், கூரைக்குப் பக்கத்தில், கட்டியிருந்த கயிறு இழுபட்டுக் குழாய் கிறீச்சிட்டது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும் சத்தம். அதன் பிறகு, வெளியே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கிய அதே கிசுகிசுப்பு.

"சரசு... அவங்க போயிட்டாங்களா?"